புதன்கிழமை அரை மணி நேரம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடையில நான் வழக்கமா பேசுறது சேமிப்பு, உள்கடன், தவணை, வங்கி இணைப்பு இதைப் பத்தித்தான். 1989-ல தர்மபுரி மாவட்டத்துல மகளிர் குழு ஆரம்பிச்ச கதையில தொடங்கி, நம்ம கூட்டமைப்பு வரைக்கும் சொல்லி முடிச்சா, எனக்குக் கொடுத்த நேரம் சரியா இருக்கும். இந்த வருஷம் தலைவி அக்கா கூப்பிட்டு, "அதை விடு. புதன்கிழமை சாயங்காலம் கட்டிடத்துல கதவைச் சாத்திக்கிட்டு என்னதான் பண்றீங்கன்னு ஊரே கேக்குது. அதைச் சொல்லு"ன்னாங்க.

அதனால அதைச் சொல்ல வந்திருக்கேன். முதல்ல ஒண்ணு. நாங்க கதவைச் சாத்துறது ரகசியத்துக்கு இல்லீங்க, கொசுவுக்கு. உள்ள நடக்கிறது இவ்வளவுதான்: பத்து பன்னிரண்டு பொம்பளைங்க அரை மணி நேரம் பேசாம உட்கார்ந்திருக்கோம். அவ்வளவுதானான்னு சிரிக்கிறீங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிச்சாரு. "நீ பேசாம இருக்கிறதுக்கு ஒரு கூட்டம் வேற போடணுமா? வீட்டிலேயே இருந்தா எனக்காவது பிரயோஜனம்"னாரு.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்லணும்னா, நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லணும். சம்பந்தப்பட்ட அக்காகிட்ட, "மேடையில சொல்லலாமா?"ன்னு கேட்டுட்டுத்தான் சொல்றேன். பேரைச் சொல்லாம சொல்லுன்னாங்க.

அப்போ நான் எங்க குழுவுக்கு ஊக்குநர். குழுவுல 12 பேர். வங்கியில வாங்கின கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய நாள் நெருங்கிடுச்சு. ஒரு அக்கா ரெண்டாவது மாசமா பணம் கொண்டு வரலை. எனக்கு அன்னைக்குக் காலையில வங்கியிலிருந்து போன். வீட்டுல பையன் காலேஜ் பீஸ் கேட்டு நிக்கிறான். முதல் நாள் ராத்திரி சரியாத் தூங்கலை. கூட்டத்துல அந்த அக்கா, "அடுத்த வாரம் தரேன் தங்கச்சி"ன்னதும் எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியலை. "தலையில வைக்கப் பூ இருக்கு, தவணைக்கு மட்டும் காசு இல்லையா?"ன்னு கேட்டுட்டேன். பத்துப் பேர் பார்த்துக்கிட்டு இருக்காங்க. அந்த அக்கா ஒண்ணும் பேசலை. எழுந்து, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

அவங்க பூ பறிக்கப் போறவங்க. தலையில இருந்தது தோட்டத்துல விழுந்து கிடந்த பூ. அது எனக்கும் தெரியும். அவங்க மக பெரியாஸ்பத்திரியில பத்து நாளா இருந்ததும், அதுக்காகக் காதுல இருந்த தோட்டை வச்சதும் அப்போ எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதை விட, நான் கேக்கலை. அதுதான் உண்மை.

அதுக்கப்புறம் அவங்க கூட்டத்துக்கு வரலை. எனக்கு ராத்திரியில தூக்கம் வரலை. கண்ணை மூடினா நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காதுல கேக்குது. ரெண்டு மாசம் கழிச்சு, மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கு வருவாங்களே, நம்ம குழுப் பெண்தான், அந்தத் தங்கச்சி கையில பட்டையைக் கட்டிப் பார்த்தா 150-க்கு 100. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டரம்மா மாத்திரை கொடுத்துட்டு, "உப்பைக் குறைங்க, யோசனையைக் குறைங்க"ன்னாங்க. உப்பைக் குறைக்கத் தெரியும். யோசனையை எப்படிக் குறைக்கிறது? அதுக்கு அளவு கரண்டி இருக்கா?

இதை நம்ம கூட்டமைப்பில இருக்கிற, ரிட்டயர் ஆன அங்கன்வாடி டீச்சரம்மாகிட்ட புலம்பினேன். அவங்க ஒரு தடவை பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போயிட்டு வந்தவங்க. கோயங்கா அவர்கள் 1969-ல இந்தியாவுல கற்றுத்தர ஆரம்பிச்ச தியான முறை அது. அங்க சாப்பாட்டுக்கும் தங்குறதுக்கும் காசு வாங்குறதில்லையாம். முன்னாடி படிச்சிட்டுப் போனவங்க கொடுக்கிற நன்கொடையிலதான் நடக்குது. சமைக்கிறது, பரிமாறுறது எல்லாம் தொண்டர்கள். பத்து நாளில முதல் மூணு நாளுக்கு மேல வெறும் மூச்சைக் கவனிக்கிறதுதான் வேலையாம். டீச்சரம்மா சொன்னாங்க: "நான் குரு கிடையாது. அந்த முறை முழுசையும் சொல்லித்தர எனக்கு உரிமையும் இல்லை. ஆனா மூச்சு எல்லாருக்கும் இருக்கு. அதைக் கூட உட்கார்ந்து பார்க்கிறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். வா, உட்காரலாம்."

இப்படித்தான் ஒரு புதன்கிழமை, சாயங்காலம் 5 மணிக்கு, கூட்டமைப்புக் கட்டிடத்துல ஐந்து பேர் உட்கார்ந்தோம்.

முதல் நாள் கூத்தைக் கேக்காதீங்க. ஒருத்தி போன் அடிச்சது. ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அது அஞ்சு பேருக்கும் தொத்திக்கிச்சு. ஒரு பெரியம்மா குறட்டையே விட்டுட்டாங்க. எனக்கு மூச்சும் தெரியலை, ஒண்ணும் தெரியலை. அடுப்புல பால் வச்சோமா, இறக்கினோமான்னுதான் ஓடுது. முடிஞ்சதும் டீச்சரம்மாகிட்ட, "எனக்கு இது வராதுங்க. மனசு ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது"ன்னேன்.

அவங்க கேட்டாங்க: "நீ சின்ன வயசுல ஆடு மேய்ச்சிருக்கே இல்ல? ஆடு அடுத்தவங்க தோட்டத்துல போய் வாயை வச்சா என்ன செய்வே?"

"ஓட்டிக்கிட்டு வருவேன்."

"மறுபடி போனா?"

"மறுபடி ஓட்டிக்கிட்டு வருவேன்."

"அதுதான் தியானம். ஆடு போகாம நிக்கிறது இல்லை தியானம். போயிருச்சுன்னு தெரிஞ்சுக்கிறதும், அடிக்காமத் திருப்பிக் கொண்டு வர்றதும்தான்."

இதை விட நல்ல விளக்கம் நான் இதுவரைக்கும் கேக்கலை. நாம எல்லாரும் நினைக்கிறது என்ன? தியானம்னா மனசு வெறுமையா ஆகணும், ஒளி தெரியணும், ஏதோ ஆனந்தம் வரணும்னு. அதெல்லாம் ஒண்ணுமில்லை. மனசு போகும். நூறு தடவை போகும். போச்சுன்னு தெரிஞ்ச அந்த நொடியிலதான் நாம முழிச்சிருக்கோம்.

பூ பறிக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. விடியறதுக்கு முன்னாடி, தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு மல்லித் தோட்டத்துல நிக்கிறப்போ, கை தானா ஓடினாலும் கண்ணு எங்க இருக்கும்? இன்னைக்கு விரியிற மொட்டு எது, நாளைக்கு விரியப் போற அரும்பு எதுன்னு ஒவ்வொண்ணாப் பார்த்துத்தான் கை பறிக்கும். கவனம் போச்சுன்னா பச்சை அரும்பும் கூட வந்துடும். நிலக்கோட்டை மார்க்கெட்டுல விலை குறைப்பாங்க. அந்தக் கவனத்தைத்தான் நாங்க புதன்கிழமை உட்கார்ந்து மூச்சு மேல வைக்கிறோம்.

இப்போ எங்க கூட்டம் எப்படி நடக்குதுன்னு சொல்றேன். வேற ஊராட்சியில ஆரம்பிக்க நினைக்கிறவங்க குறிச்சுக்கலாம்.

சாயங்காலம் 5 மணிக்குக் கூடுவோம். போனை அணைச்சு ஒரு கூடையில போட்டுடுவோம். பாய் இருக்கு, முழங்கால் வலி இருக்கிறவங்களுக்கு நாற்காலி இருக்கு. தரையிலதான் உட்காரணும்னு சட்டம் இல்லை. முதல் ஐந்து நிமிஷம் உடம்பைக் கவனிக்கிறது. பாதம் தரையைத் தொடுது, முதுகு நேரா இருக்கு, தோள் இறுகிக் கிடக்கு, அதைத் தளர்த்துறோம். அப்புறம் பத்து நிமிஷம் மூச்சு. மூச்சை இழுத்துப் பிடிக்கிறதோ, அடக்குறதோ கிடையாது. வர்ற மூச்சு வருது, போற மூச்சு போகுது. வேணும்னா ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணலாம். எண்ணிக்கை விட்டுப் போச்சுன்னா மறுபடி ஒண்ணு. நேரம் முடிஞ்சதும் சில்வர் டம்ளரைக் கரண்டியால ஒரு தட்டு. மணியெல்லாம் வாங்கலை.

மீதி நேரம் பேசலாம். வரிசையா ஒவ்வொருத்தரும், விருப்பம் இருந்தா, இந்த வாரம் மனசுல என்ன இருந்துச்சுன்னு சொல்லலாம். விருப்பம் இல்லைன்னா, "அடுத்தவங்க"ன்னு சொல்லிடலாம். ஒருத்தர் பேசுறப்போ மத்தவங்க யோசனை சொல்லக் கூடாது. இதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த விதி! நம்மகிட்ட யாராவது, "மருமக கூடச் சண்டை"ன்னு வாயைத் திறந்தா, முடிக்கிறதுக்குள்ள நாலு யோசனை சொல்லிடுவோமே. இங்க கேக்கிறது மட்டும்தான். உள்ள கேட்டது வெளிய போகாது. இன்னொரு விதி, அந்த அரை மணி நேரத்துல யாரும் தவணையைப் பத்திப் பேசக் கூடாது. தீர்மான நோட்டையே திறக்கிறதில்லை.

ஒரு மாசம் ஆனதும் அடுத்த கேள்வி வந்துச்சு. நம்ம கூட்டமைப்பில எல்லா மதத்துக்காரங்களும் இருக்கோம். ஒரு முஸ்லிம் தங்கச்சி நேராக் கேட்டுச்சு: "அக்கா, இது சாமி கும்பிடுறதா? அப்படின்னா நான் வர முடியாது. இல்லைன்னா வரேன்." நல்ல கேள்வி. அதுக்கு நேர்மையாப் பதில் சொல்லணும் இல்லையா?

டீச்சரம்மா விளக்கினாங்க. மூச்சைக் கவனிக்கிற பயிற்சியைப் புத்தர் 2500 வருஷத்துக்கு முன்னாடி வாக்கில சொல்லிக் கொடுத்திருக்காரு. நம்ம திருமூலரும் திருமந்திரத்துல மூச்சைப் பத்தி நிறையப் பாடியிருக்காரு. இந்தக் காலத்துல, 1979-ல, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில ஜான் கபாட் ஜின்னுங்கிறவரு, தீராத வலியோட இருந்த நோயாளிகளுக்காக ஒரு பயிற்சியா இதை ஆரம்பிச்சாரு. மதச் சடங்கு எதுவும் இல்லாம, ஆஸ்பத்திரிக்கு ஏத்த மாதிரி வச்சாரு. இப்போ உலகத்துல பல ஆஸ்பத்திரியில அந்த மாதிரி நடக்குது. அதனால, வேர் எங்கன்னு மறைக்க வேண்டியதில்லை. ஆனா நாம செய்யிறதுல படம், விளக்கு, மந்திரம், பாட்டு எதுவும் இருக்காதுன்னு அன்னைக்கே தீர்மானம் போட்டோம்.

அந்தத் தங்கச்சி வந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் நான், "உங்க தொழுகையும் இதுவும் ஒண்ணுதான் போல"ன்னு பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். "இல்லக்கா, தொழுகை தொழுகைதான். இது இதுதான். ரெண்டும் எனக்கு வேணும்"னுச்சு. எல்லாத்தையும் ஒண்ணுன்னு சொல்லிட்டாத்தான் சேர்ந்து இருக்க முடியும்னு நான் நினைச்சிருந்தேன். வேற வேறயா இருந்துக்கிட்டே பக்கத்துல உட்காரலாம்னு அன்னைக்குக் கத்துக்கிட்டேன்.

டீச்சரம்மா இன்னொருத்தரைப் பத்தியும் சொன்னாங்க. வியட்நாம் நாட்டுத் துறவி, திக் நியாட் ஹான். அங்க போர் நடந்துக்கிட்டு இருந்த காலத்துல, கிராமங்கள்ல சேவை பண்ணிக்கிட்டு இருந்த இளைஞர்களுக்காக 1974-ல ஒரு நீளமான கடிதம் எழுதினாராம். அப்புறம் அது உலகம் முழுக்கப் புத்தகமாப் போச்சு. பாத்திரம் கழுவுறப்போ பாத்திரத்தை மட்டும் கழுவுங்கன்னு அதுல எழுதியிருக்காராம். குண்டு விழுற ஊர்ல வேலை பார்க்கிற தொண்டர்களுக்கு அவர் சொன்னது, ஓடிப் போய்க் காட்டுல உட்காருங்கன்னு இல்லை. செய்யிற வேலையிலேயே முழுசா இருங்கன்னுதான். பாத்திரம் கழுவுற விஷயத்துல நமக்கு யார் பாடம் எடுக்கணும்னு நாங்க சிரிச்சோம். வீட்டுக்குப் போய்க் கழுவினப்போதான் தெரிஞ்சுது, கை கழுவிக்கிட்டு இருக்கு, மனசு நாத்தனாரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கு.

இதுவரைக்கும் நல்லதாவே சொன்னேன். எங்க கூட்டத்துல நடந்த தப்பையும் சொல்லணும். அதைச் சொல்லாமப் போனா, இதைக் கேட்டுட்டு ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் துரோகம் பண்ணின மாதிரி.

ஒரு அக்கா புதுசா வந்தாங்க. மகனை விபத்துல பறிகொடுத்து ஒரு வருஷம் கூட ஆகலை. கண்ணை மூடி உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் உடம்பெல்லாம் நடுங்கி அழ ஆரம்பிச்சாங்க. நாங்க என்ன பண்ணினோம்? "அழுதா நல்லதுக்கா, வெளிய வந்துடும், அப்படியே உட்காருங்க"ன்னோம். அவங்க மூணு ராத்திரி தூங்கலை. கண்ணை மூடினாலே அந்த ரோடு தெரியுதுன்னாங்க. நாங்க பயந்து போயிட்டோம். அமைதியா உட்கார்றது எல்லாருக்கும் எல்லா நேரத்துலயும் மருந்து இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உள்ள பெரிய காயம் இருக்கிறவங்களுக்கு, கண்ணை மூடினா அது பெருசாத் தெரியலாம்.

அதுக்கப்புறம் விதியை மாத்தினோம். கண்ணை மூடணும்னு கட்டாயம் இல்லை. தரையைப் பார்த்துக்கிட்டு உட்காரலாம். மூச்சு வேண்டாம்னா, பாதம் தரையில படுறதை மட்டும் கவனிக்கலாம், இல்லைன்னா வராண்டாவுல மெதுவா நடக்கலாம். எப்போ வேணும்னாலும் எழுந்து வெளிய போகலாம், ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். ஒருத்தருக்கு முடியலைன்னா, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க கூடவே வெளிய போகணும். தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கலை, உயிரோட இருந்து என்ன பண்றதுன்னு யாராவது சொன்னா, அதுக்கு எங்க கூட்டம் பத்தாது. 14416-ன்னு ஒரு நம்பர் இருக்கு. டெலி மனஸ்னு பேரு. 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அரசு மருத்துவமனையில மனநல டாக்டரும் இருக்காங்க. அந்த அக்காவை நானும் டீச்சரம்மாவும்தான் கூட்டிக்கிட்டுப் போனோம். இப்போ நல்லா இருக்காங்க. கூட்டத்துக்கு வர்றாங்க. கண்ணைத் திறந்துக்கிட்டேதான் உட்காருவாங்க.

எனக்கும் சொல்லிக்கிறேன், உங்களுக்கும் சொல்றேன்: மூச்சைக் கவனிக்கிறோம்னு பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க. நான் இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

இன்னொரு விஷயம். ஒரு வீட்டுல புருஷன் கை நீட்டுறான். அந்தப் பொண்ணுகிட்ட மாமியார், "நீதான் தியானத்துக்குப் போறியே, பொறுத்துப் போகக் கூடாதா?"ன்னு கேட்டிருக்காங்க. கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. அக்கா தங்கச்சிகளே, அடி வாங்கிக்கிட்டு அமைதியா இருக்கிறதுக்குப் பேரு தியானம் இல்லை. அதுக்கு 181 இருக்கு. 2005-ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு. நம்ம கூட்டமைப்பு இருக்கு. நாங்க உட்கார்றது வாயை மூடிக்கிறதுக்கு இல்லை. எப்போ பேசணும், எதைப் பேசணும்னு தெளிவாத் தெரியிறதுக்கு.

கடனும் அப்படித்தான். உட்கார்ந்தா வட்டி குறையாது. ஆனா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நின்னு பார்க்கலாம். போன வருஷம் எங்க கூட்டத்துக்கு வர்ற தங்கச்சி ஒண்ணு, வீட்டு வாசல்ல வந்து நிக்கிற பைனான்ஸ்காரங்ககிட்ட மூணாவது கடனுக்குக் கையெழுத்துப் போடப் போச்சு. "பேனாவை வாங்கினப்போ நெஞ்சு படபடன்னுச்சு. சரி, பத்து எண்ணலாம்னு எண்ணினேன். எண்ணி முடிச்சதும், வட்டி எப்படிப் போடுறீங்கன்னு கேட்டேன்"னுச்சு. அந்தக் கேள்விதான் முக்கியம். கணக்கைப் பாருங்க. 12,000 ரூபாய், 12 மாசம், நூத்துக்கு ரெண்டு ரூபாய் வட்டி. மாசாமாசம் அசல் 1,000 கட்டிக்கிட்டே வந்தாலும், முழுத் தொகைக்கே கடைசி வரைக்கும் வட்டி போட்டா, மாசம் 240, மொத்தம் 2,880 ரூபாய். கட்டக் கட்ட, மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டா மொத்தம் 1,560 ரூபாய்தான். சொல்றது ரெண்டுமே "ரெண்டு வட்டி"தான். வித்தியாசம் 1,320 ரூபாய். அது நம்ம பிள்ளைக்கு ஒரு செருப்பு, ஒரு சீருடை. அந்தத் தங்கச்சி கையெழுத்துப் போடலை.

இப்போ, இதை யார் நடத்துறாங்கன்னு கேப்பீங்க. யாரும் நடத்தலை, எல்லாரும் நடத்துறோம். சம்பளம் இல்லை, கட்டணம் இல்லை, உண்டியல் இல்லை. மாசத்துக்கு நாலு பேர் முறை வச்சிருக்கோம். ஒருத்தர் சாவி, ஒருத்தர் பெருக்கிப் பாய் விரிக்கிறது, ஒருத்தர் டம்ளர் தட்டுறது, ஒருத்தர் தண்ணி. ஒரு நோட்டு இருக்கு. அதுல தேதியும் எத்தனை பேர் வந்தாங்கன்னும் மட்டும் எழுதுவோம். பேர் எழுத மாட்டோம். வராதவங்களை ஏன் வரலைன்னு கேக்கக் கூடாது இல்லையா, அதுக்குத்தான்.

நடுவுல வெளியூர்லருந்து ஒருத்தர் வந்தாரு. தலைக்கு 1,500 ரூபாய் கட்டினா வகுப்பு எடுத்து, சர்ட்டிபிகேட் கொடுக்கிறேன்னாரு. சில பேருக்கு ஆசை. எனக்கும் கூடத்தான். சட்டம் போட்டு மாட்டலாமே! அப்போ ஒரு பெரியம்மா கேட்டாங்க: "பணம் கட்ட முடியாதவ வெளியில நிக்கணுமா? தவணை கட்ட முடியாம வெளிய போனவளுக்காகத்தானே நீங்க இதையே ஆரம்பிச்சீங்க?" அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

டீச்சரம்மா மகன் வீட்டுக்கு மூணு மாசம் போயிட்டாங்க. கூட்டம் நின்னுடும்னு நினைச்சேன். ஒரு புதன்கிழமை மழை. நானும் இன்னொருத்தரும் மட்டும்தான். திரும்பிடலாமான்னு கேட்டேன். "ரெண்டு பேர் வந்தாலும் உட்காரணும்னுதானே பேச்சு"ன்னாங்க. உட்கார்ந்தோம். தகரத்து மேல மழை விழுற சத்தத்தைத்தான் அன்னைக்கு முழுக்கக் கேட்டோம். நான் உட்கார்ந்ததிலேயே நல்ல நாள் அதுதான். வீட்டுல தனியா உட்கார்ந்தா ஒரு நாள் உட்காருவேன், ஒன்பது நாள் விட்டுடுவேன். அங்க ஒருத்தி எனக்காகப் பாய் விரிச்சு வச்சிருப்பாங்கிற நினைப்புதான் என்னை இழுத்துட்டுப் போகும். குழுவோட பலமே அதுதானே. சேமிப்பும் இப்படித்தானே நமக்குப் பழக்கமாச்சு?

படிச்சவங்க செய்ய வேண்டியதை நாம செய்யலாமான்னு யாருக்காவது சந்தேகம் இருந்தா, ஒரு செய்தி சொல்றேன். ஆப்பிரிக்காவுல ஜிம்பாப்வேன்னு ஒரு நாடு. அங்க டிக்சன் சிபாண்டான்னு ஒரு மனநல டாக்டர். நாட்டுக்கே விரல் விட்டு எண்ணுற அளவுதான் மனநல டாக்டர்கள். 2006-ல அவர் ஹராரே நகரத்துல 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு மர பெஞ்சு போட்டு உட்கார வச்சாரு. கஷ்டம்னு வர்றவங்க பாட்டி பக்கத்துல உட்கார்ந்து பேசுவாங்க. பாட்டி காது கொடுத்துக் கேட்டு, பிரச்சினையில ஒண்ணை மட்டும் எடுத்து என்ன செய்யலாம்னு கூட இருந்து யோசிப்பாங்க. அது தியானம் இல்லை, கேக்கிறது. அதை ஆராய்ச்சி பண்ணிப் பார்த்து, 2016-ல முடிவை வெளியிட்டாங்க. 573 பேர். ஆறு மாசம் கழிச்சு, பாட்டிகிட்டப் பேசினவங்களுக்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்களை விட மனச்சோர்வு நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. அந்த ஊர்ல இந்த மனக்கஷ்டத்துக்கு வச்சிருக்கிற பேருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? "ரொம்ப யோசிக்கிறது." நம்ம டாக்டரம்மா எனக்குச் சொன்ன அதே வியாதிதான்!

கடைசியா, அந்த அக்கா கதையை முடிக்கணும்.

உட்கார ஆரம்பிச்சு மூணு மாசம் இருக்கும். மூச்சைக் கவனிக்கிறப்போ, நான் சொன்ன அந்த வார்த்தை வராத நாளே இல்லை. முதல்ல எல்லாம், "அவங்களும் சொல்லியிருக்கலாம்ல"ன்னு மனசு வாதாடும். நாள் போகப் போக வாதாடுறது நின்னு போச்சு. சொன்ன வார்த்தை மட்டும் அப்படியே இருந்துச்சு. ஒரு நாள் காலையில அவங்க வீட்டுக்குப் போனேன். அடுப்படியில இருந்தாங்க. "அக்கா, நான் அன்னைக்குப் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோங்க"ன்னேன்.

அவங்க அடுப்பைத் தணிச்சுட்டுத் திரும்பிக் கேட்டாங்க: "பேசினது பத்துப் பேர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் அடுப்படியிலயா?"

எனக்கு முகம் சுட்டுச்சு. வழக்கமான நானா இருந்தா, "வீடு தேடி வந்தவளை இப்படியா கேப்பாங்க"ன்னு ஏதாவது சொல்லிட்டு வந்திருப்பேன். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துச்சு. வந்தது தெரிஞ்சுது. அவ்வளவுதான், தெரிஞ்சுது. ஆடு வேலியைத் தாண்டுறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன். "நீங்க கேக்கிறது சரிக்கா"ன்னேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவங்களை வரச் சொல்லி, எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு மன்னிப்புக் கேட்டேன். அதைத் தீர்மான நோட்டிலேயும் எழுதினோம். கூடவே ரெண்டு தீர்மானம். ஒண்ணு, தவணை வரலைன்னா காரணத்தைக் கூட்டத்துல கேக்கக் கூடாது. ரெண்டு பேர் வீட்டுக்குப் போய்த் தனியாக் கேக்கணும். ரெண்டு, வசூல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருக்கணும். அந்த அக்கா பாக்கித் தவணையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டி முடிச்சாங்க. இப்போ குழுவுல இருக்காங்க. ஆனா புதன்கிழமை உட்கார வர்றதில்லை. கூப்பிட்டேன். "எனக்குப் பூந்தோட்டம் போதும் தங்கச்சி"ன்னாங்க. அதுவும் சரிதான்.

பேச்சை முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு உதவி கேக்கிறேன். எல்லாரும் ஒரே ஒரு நிமிஷம். கையில இருக்கிற போனைக் கீழ வைங்க. மடியில பிள்ளை இருந்தா அப்படியே இருக்கட்டும். பாதம் தரையில படுதான்னு பாருங்க. தோளைத் தளர்த்துங்க. கண்ணை மூடப் பிடிச்சா மூடுங்க, இல்லைன்னா தரையைப் பாருங்க. மூச்சு உள்ள வருது. வெளிய போகுது. மனசு பஸ்சுக்கு ஓடிப் போச்சா? பரவாயில்லை. கூட்டிக்கிட்டு வாங்க.

(கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது.)

அவ்வளவுதாங்க. இத்தனை பேர் ஒரு நிமிஷம் பேசாம இருந்தது இந்தப் பந்தலுக்கே புதுசா இருக்கும்! வர்ற புதன்கிழமை 5 மணிக்குக் கதவு திறந்திருக்கும். உள்ள வந்ததும் சாத்திக்கோங்க, கொசு இருக்கு.